விடுபட்ட ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்

அம்முணி,

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஏனுங்கப்பா, மொதப் பரிசுன்னு நீங்களே போட்டோ அனுப்பறீங்க. நான் ஊரெல்லாம் சொல்லி முடிச்சதுக்கப்புறம், நான் ஜெயிக்கலீன்னு நீங்களே குரூப்புல போடறீங்க. அவுங்க ஊட்ல எல்லாரும் வாழ்த்துச் சொல்லிட்டாங்க. இப்ப நான் என்னன்னு சொல்றது?" என்றாய். கோபம் பாதி, சிரிப்பு பாதி. "எழுதி அனுப்பறேன் சாமி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நடந்ததை மட்டும் சொல்வதென்றால் போனிலேயே இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். மோகனூர் வாய்க்கால் கரையில் நடந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில், நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவது என்று அறிவித்தார்கள். அது தவறு என்று தெரிந்தும் பரிசை வாங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அதை ஏன் திருப்பிக் கொடுத்தேன் என்று சொல்லப் போனால், நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஓடிய ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வருடமாக நம் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் அது. உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. மண்டபத்தில் உன் கையை இன்னொருவர் கையில் வைப்பதற்கு முன்னால் இதைச் சொல்லி, உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் நீ பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது அச்சகத்தில் இருந்து அழைப்பிதழின் மாதிரி வந்தது. ஞாபகம் இருக்கும். நானும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பேராகப் பென்சிலால் புள்ளி வைத்துச் சரி பார்த்தோம். பெரியப்பா பேர் இருக்கிறதா, சின்னத் தாத்தாவின் மருமகன் பேர் இருக்கிறதா, பட்டம் போட வேண்டியவர்களுக்குப் பட்டம் போட்டிருக்கிறதா என்று மூன்று நாள் அதே வேலை. மூன்றாவது நாள் பரமத்தி அத்தை வீட்டு மூத்த மருமகன் பேர் விட்டுப்போனதைக் கண்டுபிடித்து நான் பதறிப்போய் அச்சகத்துக்குப் போன் போட்டேன். நீ கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவள், "பேரு உட்டுப்போனா அத்தனை வருத்தப்படுவாங்களாப்பா?" என்று கேட்டாய். "பின்னே? சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்றேன். நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ம், சரிங்கப்பா" என்று சொல்லித் துணியை மடிக்கப் போய்விட்டாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பென்சிலைச் சீவினேன். நீ என்ன கேட்டாய் என்பது எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது. முப்பத்தாறு வருடம் நாளிதழ் நிருபராக அடுத்தவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிப் பிழைத்தவன், சொந்த மகள் சொன்னதைக் கேட்க ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

நான் ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் சர்க்கரை என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அது நடப்பதற்குத்தான் காரணம். ஓடியதற்குக் காரணம் நீ. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்து, "நடக்கறதுக்கு மட்டும் இது வீணுங்கப்பா" என்று சொல்லி என் காலில் நீயே மாட்டிவிட்டாய். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பாடம். "மூச்சு வாங்குனா வேகத்தைக் குறைங்க. பக்கத்துல ஓடறவங்ககூடப் பேச முடியோணும். பேச முடியலீன்னா அது உங்க வேகமில்லை." "கையை விரைப்பா வெச்சுக்காதீங்க." "கடைசி நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கோங்க." எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். இத்தனையும் உனக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், ஏன் விட்டாய் என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு என் ஓட்டம் பிடிக்கவில்லை. "ஆரு தொரத்தறாங்கன்னு இந்த ஓட்டம்? பின்னால பாத்தா ஒரு நாய்கூடக் காணோம்" என்பாள். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள்தான் முதலில் எழுந்து, எனக்கு ஒரு வாழைப்பழத்தையும் கால் தம்ளர் காபியையும் கொடுத்து, மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். காலையில் நடக்கிறவர்கள் இருபது முப்பது பேர் சேர்ந்து வாய்க்கால் கரையின் சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். அந்த வேலை முடிந்த சந்தோஷத்துக்கு இந்த ஓட்டம். ஆற்றங்கரை மைதானத்தில் ஆரம்பித்து, கரையோடு இரண்டரை கிலோமீட்டர் போய், மதகைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். மதகில் நிற்பவர் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிடுவார். பாதியிலேயே திரும்பிவிடவில்லை என்பதற்கு அது சாட்சி. ஓடிய எல்லாருக்கும் கேசரி. ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வருகிறவருக்கு மூன்று அட்டை முட்டை, தொண்ணூறு முட்டை. எங்கள் கூட்டத்தில் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் இருக்கிறார். நாமக்கல் பக்கம் கோப்பைக்கு எங்கே போவது, முட்டைதான் இருக்கிறது என்றார். மஞ்சள் கருவைத் தொடக்கூடாது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருப்பதை அம்மா அங்கே வைத்தே இரண்டு பேரிடம் சொல்லிவிட்டாள்.

எங்கள் பிரிவில் ஏழு பேர். அதில் ஒருவர் செங்கோடன். மைதானத்துக்கு எதிரே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் தோட்டம். அறுபத்தெட்டு வயது என்று பதிவேட்டில் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலில் வந்திருந்தார். பனி விழுந்துகொண்டிருந்ததால் துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து நெஞ்சில் முடிச்சுப் போட்டிருந்தார். சட்டையில் குத்திய நாற்பத்தொன்று என்ற எண் அந்தத் துண்டுக்கு அடியில் போய்விட்டது. அதை நானும் கவனிக்கவில்லை, வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்ததெல்லாம் என் ஷூவை.

"ஏனுங்க ரிப்போர்ட்டரு, அந்த பூட்சு எத்தனை கிலோ இருக்குமுங்க?"

"எடையே தெரியாதுங்க. போட்டிருக்கறதே தெரியாது."

"தெரியாததை எதுக்குங்க போட்டுக்கிட்டு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓட்டம் ஆரம்பித்தது. முதல் இரண்டு கிலோமீட்டர் நானும் அவரும் சேர்ந்தே ஓடினோம். நீ சொன்னபடி பேசிக்கொண்டே ஓடினேன். கரும்பு வெட்ட ஆள் கிடைக்காததைப் பற்றி அவர் சொன்னார். உன் கல்யாணத்தைப் பற்றி நான் சொன்னேன். "மாப்பிள்ளை எந்த ஊருங்க?" "ஓசூருங்க." "குளுருமே" என்றார். மதகில் இருவருக்கும் ரப்பர் பேண்டு மாட்டினார்கள். திரும்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் அவர் சூரியனைப் பார்த்தார். "பால் வண்டி ஏழே முக்காலுக்கு வந்துருமுங்க. அதுக்குள்ள கறந்தாகோணும். உங்ககூடப் பேசிக்கிட்டே ஓடுனா எருமை ஒத்துக்காதுங்க. நான் முன்னால போறேனுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். அதற்கப்புறம் நான் அவருடைய குதிகாலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசி நூறு மீட்டருக்கு வைத்திருந்த மிச்சத்தையும் செலவு செய்து பார்த்தேன். அவர் கோட்டைத் தாண்டும்போது எனக்கும் அவருக்கும் நடுவில் ஐம்பது அடிக்குக் குறையாது. தாண்டியவர் நிற்கவே இல்லை. அதே வேகத்தில் வாய்க்கால் பாலத்தில் ஏறித் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

கோட்டருகே நாற்காலி போட்டுப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவர் காதர் பாய். கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருக்கிறார், உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் அங்கேதான் உனக்குச் செருப்பு வாங்குவோம். ஒரு கையில் மைக், ஒரு கையில் பேனா. அந்த நேரத்தில் பெண்கள் பிரிவில் மூன்று பேர் ஒன்றாக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பாய் அவர்களைப் பார்த்து மைக்கில் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தார். குறுக்கே ஓடிய செங்கோடனை, எண் தெரியாததால், தோட்டத்துக்கு அவசரமாகப் போகிற யாரோ என்று நினைத்துவிட்டார். அடுத்து வந்த என் நெஞ்சில் முப்பத்தேழு என்று பளிச்சென்று தெரிந்தது. எழுதிக்கொண்டார்.

ஏழரை மணிக்கு மேடையில் என் பேரை முதலாவது என்று கூப்பிட்டார்கள். தவறு என்று எனக்கு அந்த நொடியே தெரியும். தெரியவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மூன்று படி ஏறுவதற்குள் எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. பதிவேட்டில் அப்படித்தானே இருக்கிறது, பதிவேட்டை நாம் யார் மாற்ற, என்று சொல்லிக்கொண்டேன். அறுபத்து நான்கு வருடத்தில் இந்த உடம்பால் நான் எதிலும் ஜெயித்ததில்லை. கீழே அம்மா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. உனக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசை. மூன்று அட்டை முட்டையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்த போட்டோ அதுதான்.

அம்மா அனுப்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீ அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாய். மாப்பிள்ளை வீட்டுக் குரூப்பிலும் போட்டாய். என் பேரை இனிஷியலோடு எழுதி, "எங்கப்பா, மோகனூர் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், முதலிடம்" என்று எழுதியிருந்தாய். சொந்த மகளே எழுதினால் ஊர் என்ன நினைக்கும், பெருமை பீற்றுகிறாள் என்பார்களோ என்றெல்லாம் நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் அதை மைதானத்தில் நின்று நாலு தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை. கேசரியை முழுதாகச் சாப்பிட முடியவில்லை.

வீட்டுக்குக் கிளம்பினோம். நான் வண்டியை ஓட்ட, அம்மா முட்டை அட்டைகளை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், பால் ஊற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. செங்கோடன் அங்கே டீ குடித்துக்கொண்டு நின்றார். கூட நாலைந்து பேர்.

"ஓடுனேன் ஓடுனேங்கற, மைக்குல உன்ற பேரு வரவே இல்லியே?" என்றார் ஒருவர்.

"குறுக்குல பூந்து ஊட்டுக்குப் போயிருப்பாப்புல" என்றார் இன்னொருவர்.

செங்கோடன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "பின்ன இது கையில முளைச்சுதாக்கும்?"

"அது உன்ற மருமவ சோத்துப் பொட்டணத்துக்குப் போட்ட ரப்பரு. ஆரு கிட்ட கதை உடற?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த ரப்பர் பேண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். "வாங்க ரிப்போர்ட்டரு. மொதப் பரிசுங்களா? சந்தோசமுங்க" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நான், "உங்களுக்கு மைக்குச் சத்தம் கேட்டுதுங்களா?" என்றேன். "கேக்காம? தோட்டம் பூராவும் கேட்டுச்சுங்க. அறுவதுக்கு மேலன்னு சொன்னதும் கறக்கறதை நிறுத்திப்போட்டேன். என்னடான்னு எருமையே திரும்பிப் பாத்துச்சு" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "மறந்திருப்பாங்க. பாய் ஒத்தை ஆளா அத்தனை பேரைச் சமாளிக்கோணுமில்லீங்க. கூட்டம் பாருங்க."

நான் வண்டியைக் கிளப்பினேன். நூறு அடி போயிருப்போம். பின்னாலிருந்து அம்மா, "அவரு உங்களுக்கு முன்னால போனதை நீங்க பாக்கலீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

அவள் முட்டை அட்டைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "இது ரெண்டாவது தடவைங்க."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். முதல் தடவை எது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பதினேழு வருடமாக அவள் அதை மனதில் வைத்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அம்முணி, அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தவறிருந்தால் நீ திருத்து. நாமக்கல்லில் மாவட்டப் பள்ளிகளுக்கான தடகளப் போட்டி. நான் செய்தி சேகரிக்க வந்திருந்தேன். நீ ஓட வந்திருந்தாய். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதல் மூன்று சுற்றும் நீ நாலாவதாகத்தான் வந்தாய். கடைசிச் சுற்றின் வளைவில் இரண்டு பேரைத் தாண்டினாய். நேர்ப்பாதையில் மூன்றாமவளையும் தாண்டினாய். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த இன்னொரு நாளிதழின் நிருபர், நல்லவர்தான், விளையாட்டாகச் சொன்னார்: "அண்ணே, நாளைக்கு உங்க பேப்பர்ல உங்க ஊட்டுப் புள்ளதான் தலைப்பு." எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதில் ஏறிக்கொண்டது. சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாப் போட்டிகளின் முடிவுகளையும் எழுதினேன். உன் ஓட்டம் வந்ததும் பேனா நின்றது. உன் பேரைப் போட்டால் சொந்த மகளுக்கு விளம்பரம் என்பார்கள். உன்னை விட்டுவிட்டு இரண்டாவது வந்தவளை முதலாவது என்று எழுதினால் பொய். ஆகவே அந்தப் போட்டியையே விட்டுவிட்டேன். மற்ற எல்லாம் இருந்தது. குண்டு எறிதல்கூட இருந்தது. இதை நேர்மை என்று நினைத்தேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் காலை நான் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். நீ வாசற்படியில் உட்கார்ந்து பேப்பரை வாங்கினாய். உள்பக்கத்தை எடுத்து விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தாய். பிறகு மறுபடியும் மேலிருந்து படித்தாய். சமையலறையிலிருந்து அம்மா, "வந்திருக்குதா சாமி?" என்று கேட்டாள். நீ பேப்பரை மடித்து என் நாற்காலியில் வைத்துவிட்டு, "இடம் பத்தலையாட்ட இருக்குதும்மா" என்றாய். செய்தி வரவில்லையே என்று ஆட்கள் வீட்டுக்கு வந்து கேட்கும்போதெல்லாம் நான் சொல்கிற பதில் அது. நீ அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். எனக்காக, என் வார்த்தையையே எடுத்து, நீ அம்மாவிடம் சொன்னாய். நான் வாயில் நுரையோடு நின்றேன். கொப்பளித்துவிட்டு உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் மண்டலப் போட்டிக்குப் போகவில்லை, வயிற்று வலி என்றாய். பொதுத்தேர்வு வருடம், இதுவும் நல்லதுக்குத்தான் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் வண்டியை நிறுத்திய இடத்தில் நின்றுகொண்டு யோசித்தது. திருப்பி மைதானத்துக்குப் போனோம். கூட்டம் கலைந்துவிட்டது. மைக் செட்காரர்கள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். காதர் பாயிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா, அவரா? தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போறவருன்னு நெனைச்சேன் சார்." உடனே பதிவேட்டில் என் எண்ணுக்கு மேலே இடுக்கி நாற்பத்தொன்று என்று எழுதினார். "ஆச்சு சார். வாட்ஸப்புலயும் போட்டுர்றேன்."

"அவருகிட்ட அந்த போன் இல்லைங்க பாய். மைக்குல சொல்லோணும்."

"சார், இங்க ஆரு இருக்காங்க? நாயும் நாமளுந்தான்."

"ஸ்பீக்கரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பச் சொல்லுங்க."

மைக் செட்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒயரைப் பிரித்தார். கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரை வாய்க்கால் பக்கம் திருப்பினார். பாய் மைக்கை என்னிடம் நீட்டினார். நான் கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியே பழகியவன், மைக்கில் பேசியதே இல்லை. செய்தி மாதிரியே சொன்னேன். அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் முதலிடம் நாற்பத்தொன்றாம் எண் செங்கோடன், சற்று முன் அறிவித்தது தவறு, இரண்டாவதாக வந்தவன்தான் இதைப் பேசுகிறான் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். வெறும் மைதானம். என் குரல் வாழைத் தோப்பில் போய் இடித்துத் திரும்பி வந்தது. பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலிருந்து யாரோ நீளமாக விசிலடித்தார்கள்.

முட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். "எங்க ஊட்டுல இருவது கோழி மேயுதுங்க. இதை எங்க கொண்டுபோய் வெக்கறது? பேரு வந்துருச்சில்லீங்க, போதும்" என்றார் செங்கோடன். அம்மா விடவில்லை. கடைசியில் அட்டைகளை டீக்கடைப் பலகை மேல் வைத்து, "இந்தாப்பா, இவனுங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஆம்லெட் போட்டுக் குடு. தின்னுப்போட்டு வாயை மூடட்டும்" என்றார். அவர் சட்டைப் பையில் போட்டிருந்த ரப்பர் பேண்டு மறுபடியும் மணிக்கட்டில் இருந்தது. எங்களுக்கும் ஆம்லெட் வந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருக்க, மஞ்சள் கருவோடு முழுசாகச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குரூப்பில் நான் இரண்டாவது என்று போட்டேன். ஊரெல்லாம் நீ சொன்னது பொய்யாகப் போகும், மாப்பிள்ளை வீட்டில் உனக்குச் சங்கடம் என்று தெரிந்துதான் போட்டேன். அவர்கள் கேட்டால் இந்தக் கடிதத்தையே காட்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

உனக்குக் கல்யாணப் புத்தி சொல்ல நிறையப் பேர் வருவார்கள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். நம் ஆள்தானே, நாம் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்று நல்ல வார்த்தையை உள்ளேயே வைத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை ஒன்றை நன்றாகச் செய்தால் அவர் காதில் விழும்படி, நாலு பேர் எதிரில் சொல். ஊர் என்ன நினைக்கும் என்று பார்த்து நான் காப்பாற்றிக்கொண்ட நேர்மைக்கான விலையை நீ கொடுத்தாய். அந்த ஊர் அன்றைக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் மறந்துவிட்டது. உன் நல்லதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் விட்டால், நீ வாய் திறந்து கேள். "இடம் பத்தலையாட்ட இருக்குது" என்று யாருக்காகவும் மூடி மறைக்காதே. என்னிடம் நீ கேட்டிருக்கலாமே என்று சொல்ல வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தைரியமாகக் கேட்கிற மாதிரி ஒரு அப்பனாக நான் இருந்திருக்க வேண்டும். மறுபடியும் ஓட வா என்றும் கூப்பிட மாட்டேன். அது உன் இஷ்டம். நான் காலை ஆறு மணிக்கு வாய்க்கால் கரையில் இருப்பேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரணிலிருந்து பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். அந்த வருடத்தது கிடைத்தது. எல்லாப் போட்டிகளும் என் வழக்கமான கையெழுத்தில் நேர் வரியாக இருக்கின்றன. உன் ஓட்டத்தின் வரி மட்டும் கோணலாக மேலே ஏறிப் போகிறது. நின்றுகொண்டு எழுதியது. உன் பேருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். நான் உன்னை மட்டும் விடவில்லை, உன்னோடு ஓடிய இன்னும் இரண்டு பெண்களையும் விட்டிருக்கிறேன் என்பது அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவர்கள் வீட்டு வாசற்படியிலும் யாராவது பேப்பரை விரல் வைத்துப் படித்திருப்பார்கள். நான் வேலை பார்த்த நாளிதழில் இதை இனிப் போட முடியாது. என் கையில் இருக்கிற தாள் இதுதான். பதினேழு வருடம் தாமதமாக, இதில் போடுகிறேன்.

திருத்தம்: நாமக்கல்லில் நடைபெற்ற மாவட்ட அளவிலான பள்ளித் தடகளப் போட்டி குறித்த செய்தியில், மாணவியர் 1500 மீட்டர் ஓட்டத்தின் முடிவு விடுபட்டுவிட்டது. இதில் இரண்டாம் இடத்தை ராசிபுரம் மாணவி மகேஸ்வரியும், மூன்றாம் இடத்தை சேந்தமங்கலம் மாணவி அமுதாவும் பெற்றனர். கடைசிச் சுற்றில் நான்காவதாக இருந்து மூவரையும் முந்தி, 5 நிமிடம் 46 வினாடியில் முதலிடம் பெற்றவர், மோகனூரைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி சுகன்யா. இவர் இச்செய்தியாளரின் மகள். தவறுக்கு வருந்துகிறேன்.

அப்பா